உத்தரவு போட்டது யார் என்று தெரியாவிட்டால் யார்மேல் வழக்குப் போடுவது?

கேள்வி இது: "நான் போட்ட ஒரு வீடியோவை நிறுவனம் முடக்கிவிட்டது. அரசு சொல்லித்தான் முடக்கியிருக்க வேண்டும். ஆனால் 'அது தனியார் கம்பெனி, அவர்கள் இஷ்டம், கருத்துரிமை என்று கோர்ட்டுக்குப் போக முடியாது' என்கிறார் வக்கீல் நண்பர். அரசு சொல்லிக் கம்பெனி செய்தால் அது அரசுத் தணிக்கை ஆகாதா? அமெரிக்காவில் இதைப் பற்றிப் பெரிய வழக்கு நடந்ததே, அதில் என்ன ஆனது?"

ஆகும். அரசு நேராகச் செய்யக் கூடாத ஒன்றை அடுத்தவர் கையால் செய்துகொள்ளவும் கூடாது. இந்தக் கொள்கையில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கும் சந்தேகம் இல்லை, நம் உச்ச நீதிமன்றத்துக்கும் இல்லை. ஆனாலும் நடைமுறையில் பெரும்பாலும் உங்கள் நண்பர் சொன்னபடிதான் முடிகிறது. அரசு என்ன சொன்னது, யார் சொன்னார், எந்தச் சட்டப்படி சொன்னார் என்பதைக் காட்டும் காகிதம் பாதிக்கப்பட்டவர் கையில் இருப்பதே இல்லை. இன்றைய கருத்துரிமைச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் அபிப்பிராயம். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நம்ம ஊர் வழக்கு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். இணையம் பரவுவதற்கு முந்தையது. கொலை வழக்குகளில் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கர் சிறையில் இருந்தபடி தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலரோடு அவருக்கு இருந்த நெருக்கம் அதில் வருகிறது என்று சொல்லி, தொடராக வெளியிடப் போவதாக நக்கீரன் அறிவித்தது. 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து பத்திரிகைக்கு ஒரு கடிதம் வந்தது. இது சங்கர் எழுதியதே இல்லை, வெளியிடுவது சிறை விதிகளுக்கு விரோதம், மீறி வெளியிட்டால் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று. தடை உத்தரவு ஏதும் கிடையாது, வெறும் கடிதம்தான். அதை எடுத்துக்கொண்டு அதன் ஆசிரியர் நக்கீரன் கோபால் (முழுப்பெயர் ராஜகோபால்) உச்ச நீதிமன்றம் போனார். அக்டோபரில் தீர்ப்பு வந்தது: தங்களைப் பற்றி அவதூறாக ஏதோ வரப்போகிறது என்ற பயத்தில் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் கிடையாது. வெளிவந்த பிறகு அவதூறு வழக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ராஜகோபால் வழக்கு என்றால் சட்டக் கல்லூரிகளில் அந்தரங்க உரிமைக்காகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்தக் கடிதம். அனுப்பியவரின் பதவி அதில் இருந்தது, தேதி இருந்தது. யாருடைய உரிமை பறிபோகிறதோ அவர் விலாசத்துக்கே வந்தது. இன்றைக்கு அதே வேலையைச் செய்ய நினைக்கும் அதிகாரி எழுதியவருக்குக் கடிதம் போடுவதில்லை. யூடியூபுக்கோ மெட்டாவுக்கோ எக்ஸுக்கோ நோட்டீஸ் அனுப்புகிறார். எழுதியவருக்குக் கிடைப்பதெல்லாம், அரசிடமிருந்து வந்த உத்தரவின் காரணமாக இந்த வீடியோ இந்த நாட்டில் கிடைக்காது என்ற ஒரு வரி, கறுப்புத் திரையில்.

இனி அமெரிக்கா. அங்கேயும் கதை ஒரு கடிதத்தில்தான் தொடங்குகிறது. ரோட் ஐலண்ட் மாநில அரசு 1950-களில் இளைஞர்களின் ஒழுக்கத்தைக் காக்க என்று ஒரு ஆணையம் அமைத்தது. அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. புத்தக விநியோகஸ்தர்களுக்கு ஒரு பட்டியலை அனுப்பும், இந்தப் புத்தகங்கள் சிறுவர்களுக்கு ஆகாதவை என்று. உங்கள் ஒத்துழைப்புக்கு முன்கூட்டியே நன்றி என்று மரியாதையாக எழுதும். கூடவே, ஆபாசப் புத்தகம் விற்பவர்கள்மேல் வழக்குத் தொடரும்படி அரசு வழக்கறிஞருக்குப் பரிந்துரைப்பதும் எங்கள் கடமை, பட்டியலின் நகல் உள்ளூர்ப் போலீஸுக்கும் போயிருக்கிறது என்று நினைவூட்டும். சில நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்து, அந்தப் புத்தகங்களை என்ன செய்தீர்கள் என்று விசாரிப்பார். விநியோகஸ்தர் பேசாமல் திருப்பி அனுப்பிவிட்டார். வழக்குப் போட்டது அவரில்லை, புத்தகம் போட்ட பதிப்பகங்கள். 1963-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது: வேண்டுகோள் போல இருந்தாலும் இது தணிக்கைதான், பின்னால் மிரட்டல் இருக்கிறது.

அந்தப் போலீஸ்காரரை மறக்க வேண்டாம். டெல்லியில் அவர் திரும்பி வருவார்.

நீங்கள் கேட்ட பெரிய வழக்குக்கு வருகிறேன். கொரோனா காலத்தில் பைடன் அரசின் அதிகாரிகள் ஃபேஸ்புக்குக்கும் மற்ற நிறுவனங்களுக்கும் ஓயாமல் மின்னஞ்சல் அனுப்பினார்கள். தடுப்பூசி பற்றிய இந்தப் பதிவு ஏன் இன்னும் இருக்கிறது, அந்தக் கணக்கை ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று. 2021 ஜூலையில் பைடனே, அவர்கள் மக்களைக் கொல்கிறார்கள் என்று நிருபர்களிடம் சொன்னார். மிசௌரி, லூயிசியானா மாநிலங்களும், பதிவு நீக்கப்பட்ட ஐந்து பேரும் வழக்குப் போட்டார்கள். 2023 ஜூலை 4 அன்று, அதாவது அவர்களுடைய சுதந்திர தினத்தில், லூயிசியானா மாவட்ட நீதிபதி ஒருவர், அரசு அதிகாரிகள் இந்த நிறுவனங்களோடு பேசவே கூடாது என்று சொல்லும் அளவுக்கு அகலமான தடை விதித்தார். மேல்முறையீட்டில் அது சுருங்கியது. 2024 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் மிச்சமிருந்த தடையையும் ரத்து செய்தது.

பலர் இதை அரசு ஜெயித்தது என்றும், அரசு அப்படி நெருக்குவது சரி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றும் புரிந்துகொண்டார்கள். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. வழக்குப் போட்டவர்களுக்கு அந்த வழக்கைப் போடும் தகுதி இல்லை என்றுதான் சொன்னது. உங்கள் பதிவை நீக்கியது ஃபேஸ்புக். அரசு மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன்பே அந்த நிறுவனம் தன் சொந்த விதிப்படி இதுபோன்ற பதிவுகளை நீக்கிக்கொண்டிருந்தது. குறிப்பிட்ட இந்தப் பதிவு குறிப்பிட்ட இந்த அதிகாரி சொன்னதால்தான் போனது என்று காட்டுங்கள் என்றார் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பாரெட். அவர்களால் காட்ட முடியவில்லை. நெருக்கடி கொடுத்தது சரியா தவறா என்ற கேள்விக்குள் பெரும்பான்மை நுழையவே இல்லை. அலிட்டோ உள்ளிட்ட மூன்று நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார்கள். இரண்டு மாதம் கழித்து மார்க் ஸக்கர்பர்க், வெள்ளை மாளிகை எங்களை மாதக்கணக்கில் நெருக்கியது உண்மைதான் என்று நாடாளுமன்றக் குழு ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். தீர்ப்பு வந்தபிறகு என்ன எழுதி என்ன?

அதே 2024-ல், ஒரு மாதம் முன்னால், இன்னொரு தீர்ப்பும் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் நிதித்துறைக் கண்காணிப்பாளர், துப்பாக்கி ஆதரவுச் சங்கத்தோடு தொழில் உறவு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று காப்பீட்டு நிறுவனங்களை நெருக்கினார் என்பது குற்றச்சாட்டு. அது உண்மையானால் கருத்துரிமை மீறல்தான் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த வழக்கில் யார், யாரிடம், எந்தக் கூட்டத்தில் பேசினார் என்பதை வாதி குறிப்பாகச் சொல்ல முடிந்தது. ஃபேஸ்புக் வழக்கில் முடியவில்லை. கொள்கை ஒன்றுதான்.

இது ஏதோ ஜனநாயகக் கட்சியின் நோய் என்று நினைப்பவர்களுக்காக: 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு டிரம்ப், இனி அரசு யார் பேச்சையும் தணிக்கை செய்யாது என்று ஆணை போட்டார். அந்த வருடம் செப்டம்பரில், தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மல் சொன்ன ஒன்றுக்காக, ஒளிபரப்பு ஆணையத்தின் தலைவர், இதைச் சுலபமான வழியிலும் முடிக்கலாம், கஷ்டமான வழியிலும் முடிக்கலாம் என்று வெளிப்படையாகவே பேசினார். நிகழ்ச்சி சில நாள் நின்றது. அக்டோபரில், குடியேற்றத் துறை அதிகாரிகள் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லும் ஒரு செயலியை, சட்ட அமைச்சர் கேட்டுக்கொண்டதும் ஆப்பிள் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் வந்துவிடுகிறது.

சரி, இந்தியாவுக்கு வருவோம். இங்கே நிலைமை வேறு. அமெரிக்க அதிகாரி கெஞ்சுவது மாதிரி மிரட்ட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவருக்கு நீக்கச் சொல்லும் சட்டம் கிடையாது. நம்மிடம் சட்டமே இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டாக.

முதலாவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு போன்ற சில காரணங்களுக்காக மட்டும் மத்திய அரசு இணையத்தில் எதையும் முடக்கச் சொல்லலாம். அவதூறு அந்தப் பட்டியலில் இல்லை, அரசுக்குச் சங்கடம் என்பதும் இல்லை. 2009 விதிகளின்படி பல துறை அதிகாரிகள் அடங்கிய குழு பரிசீலிக்க வேண்டும், பதிவு போட்டவருக்கோ நிறுவனத்துக்கோ நோட்டீஸ் கொடுத்துக் கேட்க வேண்டும், காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் சிறை என்ற 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரு தொழில்முனைவர் ஒரு ட்வீட்டுக்காகக் கைதானது அந்தப் பிரிவில்தான். அதே தீர்ப்பு 69ஏ-யை விட்டுவைத்தது. மேலே சொன்ன பாதுகாப்புகள் இருக்கின்றன, காரணம் எழுத்தில் இருப்பதால் பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்க்கலாம் என்பதுதான் சொன்ன நியாயம்.

நல்ல நியாயம். ஆனால் அதே 2009 விதிகளின் 16-ஆம் விதி, இந்தப் புகார்களும் நடவடிக்கைகளும் கண்டிப்பாக ரகசியம் என்கிறது. காரணம் எழுதியிருக்கிறது, எதிர்க்கலாம், ஆனால் காட்ட மாட்டோம். டெல்லிப் பத்திரிகையாளர் ஒருவர் வரதட்சணையைக் கிண்டல் செய்து, மாப்பிள்ளையின் படிப்பு, சம்பளம் எல்லாம் போட்டால் வரதட்சணைத் தொகையைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஒரு தளத்தை நடத்திவந்தார். 2018-ல் அது முடக்கப்பட்டது. நோட்டீஸ் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் ரகசியம் என்று பதில். 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான், உத்தரவின் நகலைக் கொடுத்து அவரை அழைத்துக் கேளுங்கள் என்ற அளவுக்காவது விஷயம் நகர்ந்தது. இவர் தன் சொந்தப் பெயரில், தன் விலாசம் தெரிய எழுதியவர். காஷ்மீர் இணைய முடக்க வழக்கில், 2020-ல், முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று சொன்னது இதே உச்ச நீதிமன்றம்தான். ஒரு மாவட்டத்துக்கே இணையத்தை நிறுத்தினால் உத்தரவைப் பகிரங்கமாகப் போட வேண்டும், ஒரு ஆளின் பதிவை நிறுத்தினால் மூடிவைக்கலாம் என்றால் அதில் என்ன தர்க்கம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. 2025 மார்ச்சில் இந்த ரகசிய விதியை எதிர்த்த மனு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஆளை அடையாளம் காண முடிந்தால் நோட்டீஸ் கொடுக்கத்தான் வேண்டும் என்று நீதிபதிகள் வாய்மொழியாகச் சொன்னார்கள். வாய்மொழிதான், தீர்ப்பு இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் பார்க்க விகடன் விவகாரத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2025 பிப்ரவரியில், அமெரிக்கா நம் ஆட்களைக் கைவிலங்கு போட்டு விமானத்தில் திருப்பி அனுப்பியதும், பிரதமர் மோடி டிரம்பைச் சந்தித்ததும் ஒரே சமயத்தில் நடந்தன. டிரம்புக்குப் பக்கத்தில் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பது போல விகடனின் இணைய இதழில் ஒரு கார்ட்டூன் வந்தது. பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை மத்திய இணை அமைச்சர் எல். முருகனுக்கும் பிரஸ் கவுன்சிலுக்கும் புகார் அனுப்பினார். பிப்ரவரி 15 மாலையிலிருந்து பலருக்கு விகடன் தளம் திறக்கவில்லை. கார்ட்டூன் இருந்த பக்கம் மட்டுமில்லை, சமையல் குறிப்பிலிருந்து பழைய பேட்டிகள் வரை மொத்தத் தளமும்தான். எங்களுக்கு அரசிடமிருந்து எந்த அறிவிப்பும் வரவில்லை, என்ன காரணம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று விகடனே அறிக்கை விட வேண்டியிருந்தது. ஏறக்குறைய நூறு வருடப் பத்திரிகை, தன் கதவைப் பூட்டியது யார் என்று ஊரைக் கேட்டது. நோட்டீஸும் விசாரணையும் அதற்குப் பிறகுதான் வந்தன.

இதே விகடனுக்கு 1987-ல் நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்த ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குத் தமிழக சட்டமன்றம் மூன்று மாதச் சிறை கொடுத்தது. அராஜகம்தான். ஆனால் யார் செய்தது என்று அன்றைக்கே ஊருக்கெல்லாம் தெரியும். சபாநாயகர் பெயர் தெரியும், தீர்மானம் தெரியும். எதிர்ப்புக் கிளம்பியது, சில நாட்களிலேயே வெளியே வந்துவிட்டார். சிறையை ரகசியமாக வைக்க முடியாது. தளத்தை முடக்குவதை வைக்கலாம்.

விகடன் சென்னை உயர் நீதிமன்றம் போனது. இறையாண்மையும் அயல்நாட்டு நட்புறவும் ஒரு கார்ட்டூனால் கெடுமா என்பதைச் சுற்றித்தான் வாதம். இந்த 'அயல்நாட்டு நட்புறவு' அரசியல் சாசனம் எழுதியபோது, கருத்துரிமையையும் அதற்கான கட்டுப்பாடுகளையும் சொல்லும் 19-ஆம் பிரிவில் இல்லாத காரணம் என்பதைச் சொல்ல வேண்டும். சென்னை மாகாண அரசு, ரொமேஷ் தாப்பரின் 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று தடை போட்டு, 1950-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அடுத்த வருடமே முதல் அரசியல் சாசனத் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கும் அயல்நாட்டு நட்புறவும் அப்போது சேர்ந்தவை. சென்னையில் தோற்ற வழக்கின் விளைவாக வந்த காரணம், 75 வருடம் கழித்துச் சென்னையிலேயே ஒரு பத்திரிகைக்கு எதிராகப் பேசப்பட்டது. 2025 மார்ச் 6 அன்று நீதிபதி பரத சக்கரவர்த்தி இடைக்கால உத்தரவு போட்டார்: கார்ட்டூன் இருக்கும் பக்கத்தை விகடன் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும், எடுத்ததும் தளத்தைத் திறந்துவிட வேண்டும். தளம் திறந்தது நல்லது. ஆனால் கார்ட்டூன் சட்ட விரோதமா என்று முடிவாகும் முன்பே அது கீழே இறங்கிவிட்டது. கிட்டத்தட்ட மூன்று வாரம் மொத்தத் தளத்தையும் இருட்டில் வைத்திருந்தால், ஒரு பக்கத்தை எடுப்பது சலுகை மாதிரித் தெரியும்.

இப்போது இரண்டாவது சட்டம். உண்மையான சண்டை இன்றைக்கு இதில்தான் நடக்கிறது. 79-ஆம் பிரிவு, பயனர்கள் போடும் பதிவுகளுக்காக நிறுவனத்தின்மேல் வழக்கு வராமல் பாதுகாப்பு கொடுக்கிறது. 79(3)(பி) அதற்கு விலக்கு: சட்ட விரோதமான பதிவு இருக்கிறது என்று அரசோ அரசு முகமையோ சொன்ன பிறகும் நீக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தடுக்கும் அதிகாரம் என்று அதில் எழுதவில்லை. ஆனால் பாதுகாப்பை இழக்க எந்தக் கம்பெனி துணியும்? 2023 அக்டோபர் முதல் அமைச்சகங்களுக்கும் மாநிலப் போலீஸுக்கும் இந்த வழியில் நோட்டீஸ் அனுப்ப வழி செய்து கொடுத்தார்கள். 2024 அக்டோபரில் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இதற்கென்றே 'சஹ்யோக்' என்ற தளம் வந்தது. பல துறைக் குழு கிடையாது, எழுதியவரைக் கேட்பது கிடையாது. 69ஏ-யில் உள்ள குறுகிய காரணப் பட்டியலும் கிடையாது, 'சட்ட விரோதம்' என்றால் போதும். உச்ச நீதிமன்றம் 69ஏ-யை எந்தப் பாதுகாப்புகளுக்காக விட்டுவைத்ததோ அவை எதுவும் இல்லாமல் அதே காரியம் நடக்கிறது.

என்ன மாதிரி நோட்டீஸ்கள்? டெல்லி ரயில் நிலையத்தில் 2025 பிப்ரவரி 15 இரவு நெரிசலில் மக்கள் செத்தார்கள். விகடன் முடங்கிய அதே இரவு. இரண்டே நாளில் ரயில்வே அமைச்சகம் எக்ஸுக்கு 285 லிங்க்குகளை நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. இறந்தவர்களின் உடல் தெரிகிறது என்பது காரணம். அதில் சிலவற்றை நீக்குவது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் நெரிசலுக்குப் பொறுப்பேற்க வேண்டிய துறையே நெரிசலின் வீடியோவை நீக்கச் சொல்லும் துறையாகவும் இருப்பது எந்த ஊர் நியாயம்? ஒரு பெண் தண்டவாளத்தில் காரை ஓட்டிக்கொண்டு போன வீடியோவையும் ரயில்வே நீக்கச் சொன்னது என்று எக்ஸின் வழக்கறிஞர் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் சொன்னார். அதனால் யாருடைய இறையாண்மை கெட்டது?

அந்த வழக்கு 2025 மார்ச்சில் எக்ஸ் போட்டது. செப்டம்பர் 24 அன்று நீதிபதி நாகபிரசன்னா தள்ளுபடி செய்தார். சஹ்யோக் பொது நலனுக்கான கருவி, சமூக ஊடகத்துக்குக் கட்டுப்பாடு தேவை, அமெரிக்கச் சிந்தனையை இங்கே நட்டுவைக்க முடியாது என்றார். தீர்ப்பின் முதுகெலும்பு இதுதான்: 19-ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டும், எக்ஸ் வெளிநாட்டுக் கம்பெனி, கருத்துரிமை பேச அதற்குத் தகுதி இல்லை. 2023-ல் அதே நீதிமன்றம், 69ஏ உத்தரவுகளை எதிர்த்த ட்விட்டருக்கு (எக்ஸின் பழைய பெயர்) 50 லட்சம் ரூபாய் அபராதம் போட்டபோதும் இதையே சொன்னது.

சட்டப்படி இதில் தவறு கண்டுபிடிப்பது கஷ்டம். குடிமகனுக்குத்தான் 19. ஆனால் விளைவைப் பாருங்கள். நோட்டீஸ் கையில் இருக்கும் கம்பெனிக்கு உரிமை இல்லை, உரிமை இருக்கும் உங்களிடம் நோட்டீஸ் இல்லை. அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. மின்னஞ்சல்களைப் பெற்ற ஃபேஸ்புக் வழக்குப் போடவில்லை, வழக்குப் போட்டவர்களால் மின்னஞ்சலையும் நீக்கத்தையும் முடிச்சுப் போட முடியவில்லை.

கம்பெனிகள் ஏன் எதிர்ப்பதில்லை என்று கேட்பீர்கள். 2021 மே மாதம், பா.ஜ.க. செய்தித் தொடர்பாளர் ஒருவரின் ட்வீட்டுக்கு ட்விட்டர் 'திரிக்கப்பட்டது' என்ற முத்திரை போட்டது. சில நாளில் டெல்லிப் போலீஸ் ட்விட்டரின் டெல்லி, குருகிராம் அலுவலகங்களுக்கு நேரில் போனது, நோட்டீஸ் கொடுக்க. கொரோனாவால் அலுவலகம் காலி. ஆள் இல்லாத அலுவலகத்துக்கு நோட்டீஸ் கொண்டுபோகப் போலீஸ் படை எதற்கு? ரோட் ஐலண்ட் புத்தகக் கடைக்கு வந்தவர் இவர்தான். அந்த வருடம் வந்த புதிய விதிகள் இன்னொன்றும் செய்தன. பெரிய நிறுவனங்கள் இந்தியாவில் வசிக்கும் ஒருவரைப் பொறுப்பு அதிகாரியாக வைக்க வேண்டும், விதி மீறினால் அவர்மேல் வழக்கு வரலாம். 69ஏ உத்தரவை மீறினால் ஏழு வருடம் வரை சிறை. பெங்களூரிலோ குருகிராமிலோ குடும்பத்தோடு இருக்கும் ஒரு சம்பளக்காரர், யாரோ ஒருவரின் 40 வினாடி வீடியோவுக்காக அந்த ரிஸ்க்கை எடுப்பாரா? விதிகள் முதலில் நீக்குவதற்கு 36 மணி நேரம் கொடுத்தன. 2026 பிப்ரவரியில் அது 3 மணி நேரமாகச் சுருங்கியது. 3 மணி நேரத்தில் எந்த வக்கீல் எதைப் படிப்பார்? படிக்காமல் நீக்குவதுதான் பத்திரம்.

இதையெல்லாம் சொல்வதால் அரசு வாயே திறக்கக் கூடாது என்பது என் கட்சி என்று நினைக்க வேண்டாம். 2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸப் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு வயதான பெண்ணை அடித்தே கொன்றார்கள். 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வட இந்தியா முழுக்கப் பரவின. அப்போது தமிழ்நாடு போலீஸ், இது பொய், இந்த வீடியோ எங்கே எடுத்தது என்று மறுப்பு வெளியிட்டது. பீகார் அதிகாரிகளே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பொய் பரப்பியவர்கள்மேல் பெயர் சொல்லி வழக்கும் வந்தது, அதன் நியாய அநியாயத்தை நீதிமன்றத்தில் பேச வழியும் இருந்தது. அரசு தன் பெயரில் பேசட்டும், உத்தரவு போட வேண்டுமென்றால் தன் பெயரில் போடட்டும்.

எது பொய் என்று முடிவு செய்யும் வேலையை அரசே எடுத்துக்கொள்வது வேறு விஷயம். மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே சொல்லும் ஒரு சரிபார்ப்புப் பிரிவுக்கு 2023-ல் விதி எழுதியது. நகைச்சுவையாளர் குணால் காம்ரா போட்ட வழக்கில் 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழ்நாடு அரசும் 2023-ல் 'தகவல் சரிபார்ப்பகம்' தொடங்கியது. மத்தியில் இருப்பதை எதிர்ப்பவர்கள் மாநிலத்தில் இருப்பதைப் பற்றிப் பேசுவதில்லை, எதிர்த்தரப்பும் அப்படித்தான்.

ஒரு சின்ன முன்னேற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பரிலிருந்து, 79(3)(பி) நோட்டீஸை மத்திய அரசில் இணைச் செயலாளர் மட்டத்துக்குக் கீழே உள்ளவர் பொதுவாக அனுப்பக் கூடாது, போலீஸில் டி.ஐ.ஜி. அந்தஸ்து வேண்டும், சட்டப் பிரிவும் காரணமும் லிங்க்கும் குறிப்பிட வேண்டும் என்று விதி மாறியது. நல்லதுதான். ஆனால் அந்தக் காரணத்தை எழுதியவருக்கும் அனுப்ப வேண்டும் என்ற ஒரே ஒரு வரி அதில் இல்லை.

இனி உங்கள் வீடியோ. முதலில் திரையில் வந்த வாசகத்தைப் படம் பிடித்து வையுங்கள். 'எங்கள் விதிமுறைகளை மீறியது' என்று இருந்தால் அது நிறுவனத்தின் முடிவாகக் காட்டப்படுகிறது. 'சட்டபூர்வ உத்தரவு' அல்லது 'அரசின் உத்தரவு' என்று இருந்தால் உங்கள் வழக்கின் முதல் ஆதாரம் அதுதான். வெளிநாட்டில் இருக்கும் ஒருவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே தெரிந்து இங்கே மட்டும் தெரியாவிட்டால் அரசு உத்தரவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் தன் சொந்த விதிப்படி நீக்கும் நிறுவனம் பொதுவாக உலகம் முழுக்க நீக்கும். மின்னஞ்சலில் ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள், எக்ஸ் பல சமயம் பயனருக்குத் தகவல் அனுப்புகிறது. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி, எந்தச் சட்டப் பிரிவின் கீழ், எந்த அமைப்பு கேட்டது என்று கேளுங்கள். 69ஏ என்றால் ரகசியம் என்பார்கள். 79 என்றால் அந்த 2009 ரகசிய விதி அதற்குப் பொருந்தாது, அதைச் சுட்டிக்காட்டி மறுபடி கேளுங்கள்.

நிறுவனத்தின் சொந்த முடிவுதான் என்று பதில் வந்தால், 30 நாளுக்குள் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம். அரசுமேல் சந்தேகப்படுகிறவர் அரசுக் குழுவிடம் போவதா என்று சிரிக்காதீர்கள், செலவில்லாத வழி அது ஒன்றுதான். தனியார்மேலும் 19-ஆம் பிரிவு பாயும் என்று 2023 ஜனவரியில் கௌசல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை சொல்லியிருக்கிறது. உங்கள் நண்பர் அதையும் படித்துவைப்பது நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பி வழக்குப் போட வேண்டாம்.

அரசு உத்தரவுதான் என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அதில் வீடியோவை மீட்டுக் கொடுங்கள் என்பதை முதல் கோரிக்கையாக வைக்காமல், உத்தரவின் நகலைக் கொடுக்கச் சொல்லுங்கள் என்பதை முதலில் வைக்கச் சொல்லுங்கள். டெல்லி வரதட்சணைத் தள வழக்கில் கதவைத் திறந்தது அந்தக் கோரிக்கைதான். அமைச்சகத்தையும் நிறுவனத்தையும் இருவரையுமே எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒருவரைவிட்டு ஒருவரைச் சேர்த்தால், அவர் சொன்னார், இவர் செய்தார் என்று நாளைக் கடத்துவார்கள்.